பம்பரம், கறுப்புப் பெட்டி, ஒரு ரிப்பன்: உங்க கேமராவுக்கு நிறம் சொல்லிக்கொடுத்த மேக்ஸ்வெல்லின் கதை

கடையில் பார்த்தபோது சட்டை நல்ல மாம்பழ மஞ்சள். வீட்டுக்கு வந்து போனில் எடுத்தால் எலுமிச்சை மஞ்சள். டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்த செல்ஃபியில் முகம் லேசாகப் பச்சையடிக்கும். ஊதாப் பூவை எடுத்தால் நீலமாக வந்து நிற்கும். கேமராவின் விலை ஏற ஏற இந்தப் பிரச்னை குறையுதே தவிர, முழுசா தீர்ந்துபோறது இல்லை.

ஏன்? கண்ணுக்குத் தெரிவதை அப்படியே எடுப்பதில் கேமராவுக்கு என்னதான் கஷ்டம்?

இதற்கான பதில் சிலிக்கான் சிப்பில் தொடங்கவில்லை. சுமார் 170 வருடங்களுக்கு முன்னால், ஸ்காட்லாந்து இளைஞர் ஒருவர் சுற்றிவிட்ட பம்பரத்தில் தொடங்குகிறது. அவர் பெயர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். ஒளி என்பது மின்காந்த அலை என்று கணக்குப் போட்டுச் சொன்னவர். இயற்பியல் படித்த எல்லோருக்கும் அவருடைய சமன்பாடுகள் தெரியும். நிறத்துக்காக அவர் செலவழித்த வருடங்கள்தான் அவ்வளவாகத் தெரியாது. ஆனால், இன்றைக்கு உங்க பாக்கெட்டில் இருக்கும் கேமரா ஓடுவது அந்த வருடங்களின் தயவில்தான்.

அம்மா இல்லாத பண்ணை வீடு

1831 ஜூன் 13-ம் தேதி எடின்பரோவில் பிறந்தார் மேக்ஸ்வெல். வளர்ந்தது தென்மேற்கு ஸ்காட்லாந்தின் கிளென்லேர் என்ற கிராமப்புற எஸ்டேட்டில். சின்ன வயதிலேயே எதைப் பார்த்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுக் கேட்டு வீட்டில் இருப்பவர்களைப் படுத்தி எடுத்த பையன். பொத்தாம்பொதுவாகப் பதில் சொன்னால் விடமாட்டார். குறிப்பாக இது எப்படி என்று திரும்பவும் கேட்பார்.

முதல் ஆசிரியை அம்மாதான். ஜேம்ஸுக்கு எட்டு வயதாக இருந்தபோது, 1839-ல், அம்மா பிரான்சிஸ் வயிற்றுப் புற்றுநோயால் இறந்துபோனார். வயது 48. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வயதில் எடின்பரோ அகாடமியில் சேர்த்தார்கள். அப்பாவே வடிவமைத்த சட்டை, சதுர மூக்கு ஷூ, பேச்சில் கிராமத்து வாடை. நகரத்துப் பையன்கள் விடுவார்களா? முதல் நாளே உடுப்பு கிழிந்துதான் அத்தை வீட்டுக்குத் திரும்பினார். 'கிறுக்கன்' என்ற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. அந்தக் கிறுக்கன் 14 வயதில் முட்டை வடிவ வளைகோடுகளைப் பற்றி எழுதிய கட்டுரை, எடின்பரோ ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. வயது குறைவு என்பதால் அவருக்குப் பதிலாகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் வாசித்தார். நிறத்தின் பக்கம் மேக்ஸ்வெல்லை இழுத்ததும் இதே ஃபோர்ப்ஸ்தான்.

நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை வரலையே?

1849 வாக்கில் ஃபோர்ப்ஸ் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். வட்டத் தட்டு ஒன்றில் பல நிறங்களைப் பட்டை பட்டையாக ஒட்டி வேகமாகச் சுற்றுவது. கண்ணால் தனித்தனியாகப் பிரிக்க முடியாத வேகத்தில் சுற்றும்போது, நிறங்கள் கலந்து ஒரே நிறமாகத் தெரியும்.

நீலத்தையும் மஞ்சளையும் ஒட்டிச் சுற்றினார். ஓவியர்கள் சொல்வதுபோல் பச்சைதானே வரணும்? வரவில்லை. சாம்பலில் லேசாக ரோஸ் கலந்த ஏதோ ஒன்று வந்தது.

பெயின்ட்டைக் கலப்பதும் ஒளியைக் கலப்பதும் ஒன்றல்ல என்பதுதான் காரணம். பெயின்ட், வெள்ளை ஒளியிலிருந்து சில பகுதிகளை விழுங்கிவிடும். நீல பெயின்ட் விழுங்கியதும் மஞ்சள் பெயின்ட் விழுங்கியதும் போக, மிச்சம் இருப்பது பச்சை. அது கழித்தல் கணக்கு. சுற்றும் தட்டிலோ, இரண்டு நிறங்களிலிருந்தும் வரும் ஒளி கண்ணுக்குள் ஒன்றோடொன்று சேர்கிறது. அது கூட்டல் கணக்கு.

அப்போது நிறத்தைப் பற்றி ஒரு பெரிய சண்டையே நடந்துகொண்டிருந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று ஒளிகளால்தான் வானவில்லே ஆனது என்று வாதிட்டவர், ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர். அதற்கு முன்பே, 1800-களின் தொடக்கத்தில், தாமஸ் யங் வேறு மாதிரி சொல்லியிருந்தார். மூன்று என்ற கணக்கு ஒளியில் இல்லை, மனிதக் கண்ணில் இருக்கிறது. கண்ணுக்குள் மூன்று விதமான உணர்வுகள் இருக்கின்றன என்பது அவர் யூகம். அது பல வருடங்கள் யூகமாகவே கிடந்தது. அதை எண்களில் நிரூபிக்க யாராவது உட்காரணும்.

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, 1854 தேர்வில் இரண்டாவது இடம் பிடித்து முடித்த மேக்ஸ்வெல் உட்கார்ந்தார்.

பம்பரம் சொன்ன கணக்கு

அவர் கையில் எடுத்தது ஒரு பம்பரம். அதன்மேல் வைக்க, நிறக் காகிதத்தில் வட்டங்கள் வெட்டினார். ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு கீறல். அந்தக் கீறல் வழியாக ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால், எந்த நிறம் எவ்வளவு தெரியணும் என்பதை இஷ்டத்துக்குக் கூட்டலாம், குறைக்கலாம். விளிம்பில் 100 பாகங்களாகக் கோடு போட்டார். நடுவில், சின்ன வட்டங்களாகக் கறுப்பும் வெள்ளையும்.

சுற்றும்போது வெளியே நிறங்கள் கலந்து சாம்பலாகும். உள்ளே கறுப்பு வெள்ளை கலந்து சாம்பலாகும். இரண்டு சாம்பலும் வித்தியாசமே இல்லாமல் பொருந்தும்வரை அளவை மாற்றி மாற்றிச் சுற்றணும். பொருந்தியதும் எண்ணைக் குறிக்கணும். 37 பங்கு சிவப்பு, 27 பங்கு நீலம், 36 பங்கு பச்சை சேர்ந்தால், அது 28 பங்கு வெள்ளையும் 72 பங்கு கறுப்பும் சேர்ந்ததற்குச் சமம் - இப்படி. நிறத்துக்குச் சமன்பாடு வந்துவிட்டது.

1855-ல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் இதை வெளியிட்டபோது மேக்ஸ்வெல்லுக்கு 23 வயது. அதில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

ஒன்று, சாதாரணப் பார்வை உள்ள யாருக்கும் எந்த நிறத்தையும் மூன்று எண்களால் குறித்துவிடலாம். முக்கோணம் ஒன்றுக்குள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு புள்ளி கொடுத்துவிடலாம். இன்று மானிட்டர் விளம்பரங்களில் வரும் நிற வரைபடத்துக்கு மூதாதை இந்த முக்கோணம்தான்.

இரண்டு, நிறக்குருடு உள்ளவர்களை வைத்துச் சுற்றிப் பார்த்தார். அவர்களுக்கு மூன்று வேண்டியதில்லை, இரண்டே போதும். அப்படியானால் அவர்களுக்கு மூன்று உணர்வுகளில் ஒன்று இல்லை. யங்கின் யூகத்துக்கு இதைவிடப் பலமான ஆதாரம் அதுவரை யாரிடமும் இல்லை.

மூன்று, பகல் வெளிச்சத்தில் கச்சிதமாகப் பொருந்திய அளவுகள், கேஸ் விளக்குக்குக் கீழே பொருந்தவில்லை. விளக்கு மாறினால் கணக்கு மாறும். இன்றைய கேமராவில் 'ஒயிட் பேலன்ஸ்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதன் தேவை இங்கேயே தெரிந்துவிட்டது.

இதே கட்டுரையில் போகிற போக்கில் இன்னொரு யோசனையும் சொன்னார். ஒரு காட்சியை சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் வழியே மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்து, அதே கண்ணாடிகள் வழியே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டினால், கண் அதை அசல் நிறத்தோடு பார்க்கும். வண்ணப் புகைப்படம் என்ற ஒன்றே கைவசம் இல்லாத காலம் அது.

வேலை போனது, அம்மை வந்தது

1856-ல் அப்பா இறந்தார். அதே வருடம் அபர்டீன் நகரின் மாரிஷல் கல்லூரியில் பேராசிரியர் ஆனார் மேக்ஸ்வெல். சனி கிரகத்தின் வளையம் திடப்பொருளாக இருக்க முடியாது, எண்ணற்ற சிறு துண்டுகளால் ஆனதாகத்தான் இருக்கணும் என்று கணக்கால் நிரூபித்துப் பரிசு வாங்கியது இங்கே இருந்தபோதுதான். 1858-ல் கல்லூரித் தலைவரின் மகள் கேத்தரின் மேரி டேவரைத் திருமணம் செய்துகொண்டார்.

மாமனார் தலைவராக இருந்தும் வேலை நிலைக்கவில்லை. 1860-ல் அபர்டீனின் இரண்டு கல்லூரிகளை ஒன்றாக இணைத்தபோது, ஒரே பாடத்துக்கு இரண்டு பேராசிரியர்கள் எதற்கு என்று மேக்ஸ்வெல்லை வெளியே அனுப்பினார்கள். எடின்பரோவில் ஃபோர்ப்ஸின் இடம் காலியாக இருந்தது. அதற்கு விண்ணப்பித்தார், பள்ளி நண்பர் பீட்டர் டெய்ட்டுக்குப் போய்விட்டது. அதே வருடம் பெரியம்மை வந்து உயிர் போகும் நிலை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் கேத்தரின்.

தேறி எழுந்து, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். நிறத்தைப் பற்றிய வேலைக்காக ராயல் சொசைட்டியின் ரம்ஃபோர்ட் பதக்கம் கிடைத்ததும் அந்த 1860-ல்தான்.

ஆய்வேட்டில் 'கே' என்ற கண்

காகித நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. இன்றைக்குக் கடையில் வாங்கும் சிவப்புக் காகிதமும் நாளைக்கு வாங்குவதும் ஒன்றாக இருக்காது. அதனால் மேக்ஸ்வெல், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, வானவில்லின் குறிப்பிட்ட பகுதிகளை மட்டும் கலந்து பார்க்க நீளமான பெட்டி ஒன்றைச் செய்தார். ஒரு முனையில் கண்ணை வைத்தால், பாதி இடத்தில் நேரடி வெள்ளை ஒளி, மறு பாதியில் மூன்று நிறங்களின் கலவை. இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை பிளவுகளின் அகலத்தை மாற்றணும்.

லண்டன் கென்சிங்டன் வீட்டின் மாடி ஜன்னலோரம் பெட்டியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அதற்குள் பார்த்துக்கொண்டே இருப்பாராம். சவப்பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும் பைத்தியம் என்று அக்கம்பக்கத்தில் நினைத்ததாக ஒரு கதை உண்டு.

உண்மையில் பார்த்தது ஒரு ஆள் இல்லை, இரண்டு பேர். கேத்தரினும் அளவுகள் எடுத்தார். 1860-ல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்த கட்டுரையில் 'ஜே' என்பவரின் அளவுகளும் 'கே' என்பவரின் அளவுகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. 'கே' என்பது கேத்தரின். ஆசிரியர் பெயராக ஒருவர் பெயர்தான் அச்சானது.

இரண்டு பேர் அளவுகளும் ஏறக்குறைய ஒத்துப்போயின, ஆனால் முழுசா இல்லை. வானவில்லின் சில இடங்களில் இருவர் கண்ணும் வெவ்வேறு எண் சொன்னது. ஆரோக்கியமான இரண்டு மனிதக் கண்களே நூறு சதவீதம் ஒத்துப்போகாது என்றால், கேமராவிடம் அசல் நிறத்தைக் கேட்பதற்கு என்ன அர்த்தம்? யாருடைய கண்ணின் அசல்?

1861 மே 17, வெள்ளிக்கிழமை இரவு

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவு என்பது பெரிய கௌரவம். மூன்று நிறக் கொள்கையைப் பேச மேக்ஸ்வெல்லை அழைத்தார்கள். வாயால் சொன்னால் போதாது, காட்டணும்.

புகைப்படக்காரர் தாமஸ் சட்டனிடம் பொறுப்பைக் கொடுத்தார். ஸ்காட்லாந்தின் கட்டம் போட்ட டார்ட்டன் துணியில் ஒரு ரிப்பன். அதை முடிச்சுப் போட்டு, கறுப்பு வெல்வெட் பின்னணியில் வைத்தார்கள். நிற வடிகட்டிக்குக் கண்ணாடித் தொட்டிகளில் உப்புக் கரைசல்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் தாமிர உப்புகள், சிவப்புக்கு இரும்பு உப்பு. நீலக் கரைசல் வழியே எடுத்த படத்துக்குச் சில விநாடிகள் போதுமாக இருந்தது. பச்சைக்கும் சிவப்புக்கும் பல நிமிடங்கள் திறந்து வைக்க வேண்டியிருந்தது.

சொற்பொழிவு இரவில் மூன்று மேஜிக் லாந்தர்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் அதே கரைசல். மூன்று ஒளிகளும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தபோது, கட்டம் போட்ட ரிப்பன் நிறத்தோடு வந்து நின்றது. உலகின் முதல் வண்ணப் புகைப்படம் என்று இன்றைக்கும் சொல்லப்படுவது இதுதான். காகிதத்தில் எதுவும் இல்லை. விளக்கை அணைத்தால் படமும் போய்விடும். இப்போது இணையத்தில் நாம் பார்ப்பது, அந்தத் தட்டுகளை வைத்துப் பிற்காலத்தில் உருவாக்கிய பிரதி.

ஆனால், மேக்ஸ்வெல் இதை வெற்றி என்று கொண்டாடவில்லை. சிவப்பும் பச்சையும் நீலம் அளவுக்குச் சரியாகப் பதியவில்லை, அந்த ஒளிகளை நன்றாக உணரும் ரசாயனம் கிடைத்தால் படம் இன்னும் அசலாக வரும் என்று அங்கேயே ஒப்புக்கொண்டார். சொந்த சோதனையின் ஓட்டையை மேடையிலேயே சொன்னவர், அந்த ஓட்டை எவ்வளவு பெரிது என்று அறிந்திருக்கவில்லை.

நூறு வருடம் கழித்து அவிழ்ந்த மர்மம்

அந்தக் காலத்துப் புகைப்படத் தட்டுகளுக்குச் சிவப்பு ஒளி சுத்தமாகத் தெரியாது. நீலம், ஊதா, அதற்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா - இவ்வளவுதான் பதியும். சாயம் சேர்த்துத் தட்டின் பார்வையை விரிக்கலாம் என்று ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல் கண்டுபிடித்ததே 1873-ல்தான். அப்படியானால் 1861-ல் சிவப்புக் கரைசல் வழியே எடுத்த தட்டில் எதுவுமே விழுந்திருக்கக் கூடாதே! எப்படி விழுந்தது?

1961-ல், சொற்பொழிவின் நூற்றாண்டு சமயத்தில், கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவன்ஸ் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்து விடை சொன்னார். சிவப்புக் கரைசல், சிவப்பு ஒளியோடு சேர்த்துக் கொஞ்சம் புற ஊதாவையும் உள்ளே விட்டிருக்கிறது. ரிப்பனில் இருந்த சிவப்புச் சாயம், புற ஊதாவையும் நன்றாகப் பிரதிபலிக்கும் வகை. ஆக, தட்டில் பதிந்தது சிவப்பே இல்லை. சிவப்பு இருந்த அதே இடத்தில் இருந்த புற ஊதா! அதைச் சிவப்பு விளக்கில் காட்டியதால் சரியான இடத்தில் சிவப்பு தெரிந்தது.

கொள்கை சரி. செய்முறை கோளாறு. அதிர்ஷ்டம் கைகொடுத்தது. வேறு சாயம் போட்ட சிவப்புத் துணியாக இருந்திருந்தால் அன்றைய இரவு சொதப்பியிருக்கலாம்.

உங்க போனுக்குள் என்ன நடக்குது?

இன்றைய டிஜிட்டல் சென்சாரும் அடிப்படையில் நிறக்குருடுதான். அதற்குத் தெரிவது எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது மட்டும். அதனால் ஒவ்வொரு பிக்ஸலுக்கு மேலும் ஒரு சின்ன நிற வடிகட்டி ஒட்டுகிறார்கள். இதற்கான தளவமைப்புக்கு 1976-ல் காப்புரிமை பெற்றவர் கோடாக்கின் பிரைஸ் பேயர். பாதி பிக்ஸல்கள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். 12 மெகாபிக்ஸல் சென்சார் என்றால் 60 லட்சம் பச்சை, 30 லட்சம் சிவப்பு, 30 லட்சம் நீலம். ஒவ்வொரு பிக்ஸலிலும் விட்டுப்போன மற்ற இரண்டு நிறங்களை, பக்கத்துப் பிக்ஸல்களை வைத்துக் கேமரா கணித்துக்கொள்கிறது. மேக்ஸ்வெல்லின் மூன்று தட்டுகளும் ஒரே தட்டில் பொடிப்பொடியாகக் கலந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டையும் அதேதான். சிலிக்கானுக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் தெரியும். அதைத் தடுக்கச் சென்சாருக்கு முன்னால் ஒரு தனி வடிகட்டி உண்டு. 2006-ல் வந்த விலை உயர்ந்த கேமரா ஒன்றில் அந்த வடிகட்டி மெலிதாகப்போய், கறுப்பு செயற்கைத் துணிகள் கருஞ்சிவப்பாக விழுந்தன. தெரியாத ஒளி ஒன்று தெரிந்த நிறமாக வேஷம் போடுவது, 1861-ல் உதவியது. 2006-ல் காலை வாரிவிட்டது.

அடுத்த சிக்கல்தான் பெரியது. கேமராவின் மூன்று வடிகட்டிகளும் கண்ணின் மூன்று உணர்விகளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு ஊதாக்கள் கேமராவுக்கு வேறு வேறாகத் தெரியலாம். அதை எந்தக் கணக்காலும் முழுசா சரிசெய்ய முடியாது. தோராயமாக மட்டுமே முடியும். எந்த நிறத்தை விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்றுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிறது. ஒரே காட்சி இரண்டு போனில் இரண்டு விதமாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, நாம என்ன செய்யலாம்? மேக்ஸ்வெல் செய்ததையேதான்.

* வெளிச்சம் ஒன்றாக இருக்கட்டும். ஜன்னல் வெயிலும் டியூப் லைட்டும் கலந்தால், எந்த ஒயிட் பேலன்ஸும் இரண்டுக்கும் பொருந்தாது. ஒன்றை அணைத்துவிடுங்கள்.
* நடுநிலைச் சாம்பலை வைத்துப் பொருத்துங்கள். அதே வெளிச்சத்தில் ஒரு சாம்பல் அட்டையை முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், பிற்பாடு எடிட்டிங்கில் அதைத் தொட்டு எல்லா நிறத்தையும் சரிசெய்யலாம். பம்பரத்தின் நடுவில் இருந்த சாம்பலின் வேலையும் இதுதான்.
* முடிந்தால் 'ரா' வடிவத்தில் எடுங்கள். அதில் சென்சாரின் அளவுகள் கேமராவின் ரசனைக்கு ஏற்ப மாறாமல் பெருமளவு அப்படியே இருக்கும்.
* போன் திரையில் 'விவிட்' இருந்தால் 'நேச்சுரல்' ஆக்கிவிட்டு அப்புறம் படத்தைத் திட்டுங்கள். தப்பு திரையுடையதாகவும் இருக்கலாம்.

48 வயது

லண்டனில் இருந்த ஐந்து வருடங்களில் மின்சாரம், காந்தம், ஒளி மூன்றையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தார் மேக்ஸ்வெல். 1865-ல் வேலையை விட்டுவிட்டு கிளென்லேருக்குத் திரும்பினார். 1871-ல் கேம்பிரிட்ஜ் அழைத்தது. அங்கே கேவண்டிஷ் ஆய்வகத்தை உருவாக்கி, 1874-ல் திறந்து, முதல் பேராசிரியராக நடத்தினார். கேத்தரின் நோயில் விழுந்த காலங்களில், அம்மை வந்தபோது கேத்தரின் தனக்குச் செய்ததைப்போலவே, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

1879-ல் அவருக்கு வந்தது அம்மாவுக்கு வந்த அதே வயிற்றுப் புற்றுநோய். நவம்பர் 5-ம் தேதி கேம்பிரிட்ஜில் இறந்தார். அம்மாவைப்போலவே 48 வயது. கிளென்லேருக்குப் பக்கத்தில் பார்ட்டன் என்ற சின்ன ஊரின் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஏழு வருடம் கழித்து, 1886-ல் இறந்த கேத்தரினும் அதே கல்லறையில் சேர்ந்தார். கிளென்லேர் வீடு 1929-ல் தீப்பிடித்து எரிந்துபோனது.

ரிப்பன் படத்தை மேக்ஸ்வெல் திரும்ப எடுக்கவே இல்லை. புகைப்படம் அவருக்கு நோக்கமாக இருந்ததில்லை. கண் எப்படிப் பார்க்கிறது என்று தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். அடுத்த முறை போனில் ஒரு சிவப்பு தப்பாக விழுந்தால், கேமராவைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றை யோசிக்கலாம். அந்தச் சிவப்பு துணியில் பாதிதான் இருந்தது. மீதி, அதைப் பார்த்த உங்க கண்ணில் இருந்தது.